வித்தியாசமா, சிக்கனமா, வேகமா? ஆரணியிலிருந்து ஒரு கார் கணக்கு

ஆரணியில் நாலு நண்பர்கள் டீ குடிக்க உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் காரில் வந்து நிற்கும். ஒருத்தர் ஃபோனில் யூடியூப் ரிவ்யூ ஓடிக்கொண்டிருக்கும். இன்னொருத்தர், "அதெல்லாம் சரி மச்சான், எவ்வளவு கொடுக்குது?" என்பார். மூன்றாமவர், "மைலேஜ் பார்த்து பார்த்தே எல்லாரும் ஒரே வெள்ளைக் கார் வாங்குறீங்க. கொஞ்சம் வித்தியாசமா ஏதாவது எடுக்கலாம்ல?" என்பார்.

வித்தியாசம், சிக்கனம், வேகம் என்று கார் ரசிகர்களிடம் எப்போதும் மூன்று கட்சி உண்டு. சென்னையில் இருப்பவருக்கு இது பொழுதுபோக்கு விவாதம். ஆரணிக்காரருக்கு இது மாதச் செலவு. ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. 'ஆரணி ரோடு' என்ற பெயரில் உள்ள ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. வேலூர் சுமார் 40 கி.மீ., காஞ்சிபுரம் சுமார் 60 கி.மீ., சென்னை சுமார் 140 கி.மீ. பட்டுச் சேலைக் கட்டுகளோடு காஞ்சிபுரம் போக வேண்டும் என்றாலும், வார இறுதியில் ஐ.டி. வேலையிலிருந்து ஊர் திரும்ப வேண்டும் என்றாலும் சாலைதான் வழி.

முதல் கார் எடுக்கும் குடும்பத்துக்கு ஆசை மூன்று இருக்கலாம். இஎம்ஐ ஒன்றுதான். எந்தக் கட்சி சொல்வதில் எவ்வளவு உண்மை? தமிழ்நாட்டில் ஓடிய கார்களை வைத்தே பார்க்கலாம்.

வித்தியாசமான கார்களுக்கு என்ன ஆனது?

பெரியவர்களிடம் கேட்டால் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயர் வரும். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-ல் தயாரிக்க ஆரம்பித்த கார். அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் இது தனியாகத் தெரிந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த உருவம். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். சின்னத் தெருவிலும் ஒரே வீச்சில் யூ-டர்ன் எடுத்துவிடும்.

ஆனால் முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி நுழைய வேண்டும். பட்டுச் சேலை கட்டிய பாட்டியை அப்படி ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நாலு கதவு ஹெரால்டு பிறகுதான் வந்தது.

அதே நிறுவனம் 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. வெளித்தோற்றம் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு காலத்து இன்ஜினின் மறுவடிவம். பார்த்தால் பந்தயக் கார், ஓட்டினால் பழைய கார், பெட்ரோலும் நிறையக் குடிக்கும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காரும் போனது, தொழிற்சாலையும் மூடப்பட்டது.

பெங்களூரில் சிபானி நிறுவனம் இன்னும் துணிச்சலாக முயன்றது. 1970-களில் வந்த அதன் 'பாதல்' காருக்கு மூன்றே சக்கரம், ஃபைபர் கிளாஸ் உடல். 1982-ல் வந்த 'டால்ஃபின்', பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவியது. 848 சிசி இன்ஜின், துருப்பிடிக்காத ஃபைபர் உடல், நல்ல மைலேஜ். அதற்கும் இரண்டே கதவு. அடுத்த ஆண்டு டிசம்பரில் நாலு கதவோடு மாருதி 800 வந்து இறங்கியது. அதன் பிறகு டால்ஃபினைத் தேடியவர்கள் ரசிகர்கள் மட்டும்தான்.

2009-ல் விற்பனைக்கு வந்த டாடா நானோவும் இந்த வரிசைதான். 624 சிசி, இரண்டு சிலிண்டர், இன்ஜின் பின்னால். பெட்ரோல் போட முன் பானெட்டைத் திறக்க வேண்டும். சக்கரத்துக்கு மூன்றே நட்டு. பல ஆண்டுகளுக்குப் பின்கதவே திறக்காது. பொறியியல் ரீதியாக ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எல்லாம் ஒரு லட்சம் ரூபாய் என்ற விலைக்குள் அடக்கச் செய்த வேலை. ஆனால் 'மலிவான கார்' என்ற பெயரே அதற்கு எதிராகப் போனது. கார் வாங்குவதை ஊருக்கே சொல்லிப் பெருமைப்படும் நாட்டில், 'இருக்கிறதுலயே விலை குறைச்சல் இதான்' என்று சொல்லிக்கொள்ள யாரும் விரும்பவில்லை. 2018-ல் உற்பத்தி நின்றது.

ஜெயித்த வித்தியாசம் எது?

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1998 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தபோது, அந்த உயரமான கூரையைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. 'டால் பாய்' என்று நிறுவனமே அதற்குப் பெயர் வைத்தது. உட்கார்ந்து பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். குனியாமல் ஏறலாம், தலை இடிக்காது, முழங்கால் வலி உள்ள அம்மா கூடச் சிரமமில்லாமல் இறங்கலாம். நாலு கதவு, 999 சிசி இன்ஜின் என்று பார்க்கப் போனால் உள்ளே இருந்தவை எல்லாம் வழக்கமான விஷயங்கள்தான். சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் உயரமான சின்னக் கார்களைக் கொண்டுவந்தன.

இதில் வாங்குபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. வடிவத்தில் வித்தியாசம் இருந்தால் கண் பழகிவிடும். உதிரி பாகத்தில் வித்தியாசம் இருந்தால், ஒவ்வொரு ரிப்பேருக்கும் மெக்கானிக் தலையைச் சொறிவார்.

இன்றைக்கு வித்தியாசம் தேடுபவர்கள் கண்ணில் படுவது எம்ஜி காமெட். 2023-ல் வந்த இந்த மின்சார காரின் நீளம் 3 மீட்டருக்கும் குறைவு. இதற்கும் இரண்டே கதவு. 17.3 யூனிட் பிடிக்கும் பேட்டரி. முழு சார்ஜில் 230 கி.மீ. போகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. நிஜத்தில் 160 கி.மீ. என்றே வைத்தாலும், ஆரணி - வேலூர் போய்வர 80 கி.மீ. தாராளம். யூனிட் 8 ரூபாய் என்றால் முழு சார்ஜுக்கு 140 ரூபாய்கூட ஆகாது. கி.மீ.க்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஆனால் சென்னைக்குப் போய் அன்றே திரும்ப வேண்டும் என்றால் இடையில் சார்ஜ் போடாமல் முடியாது. குடும்பத்தின் ஒரே காராக இதை எடுப்பதும், வீட்டில் இரண்டாவது காராக எடுப்பதும் வேறு வேறு முடிவு.

மைலேஜ்: கம்பெனி சொல்வதும் கையில் கிடைப்பதும்

விளம்பரத்தில் 'லிட்டருக்கு 22 கி.மீ.' என்று இருக்கும். கையில் 16 தான் வரும். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. அந்த எண் வருவது ஆய்வுக்கூடத்தில். காரை உருளைகள் மேல் நிறுத்தி, 'இந்திய ஓட்டச் சுழற்சி' என்ற நிர்ணயிக்கப்பட்ட முறைப்படி ஓட்டுவார்கள். அதில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏசி ஓடாது. குழி கிடையாது, ஸ்பீட் பிரேக்கர் கிடையாது, குறுக்கே ஷேர் ஆட்டோ வராது. எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனை என்பதால் இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பெட்ரோல் பில்லைக் கணிக்க உதவாது.

சரி, மைலேஜ் வித்தியாசம் பணமாக எவ்வளவு? பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் நிஜத்தில் 20 கி.மீ. கொடுக்கிறது, இன்னொன்று 14 கொடுக்கிறது.

• மாதம் 400 கி.மீ. ஓட்டினால்: முதல் காருக்கு 2,020 ரூபாய், இரண்டாவதற்கு சுமார் 2,890 ரூபாய். வருடத்துக்கு வித்தியாசம் சுமார் 10,400 ரூபாய்.

• மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால்: 5,050 ரூபாய், சுமார் 7,210 ரூபாய். வருட வித்தியாசம் சுமார் 26,000 ரூபாய்.

• மாதம் 2,000 கி.மீ. ஓட்டினால்: 10,100 ரூபாய், சுமார் 14,430 ரூபாய். வருட வித்தியாசம் சுமார் 52,000 ரூபாய்.

இப்போது, மைலேஜ் அதிகம் தரும் மாடல் ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுபவர் அந்தப் பணத்தை மூன்று வருடத்துக்குள் மீட்டுவிடுவார். 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆறு வருடம் ஆகும். 400 கி.மீ. ஓட்டுபவருக்கு 14 வருடம். அதற்குள் காரையே விற்றிருப்பார்.

வாரத்துக்கு மூன்று தடவை காஞ்சிபுரமோ சென்னையோ போய்வரும் சேலை வியாபாரிக்கு மைலேஜ்தான் எல்லாம். சென்னையில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை மட்டும் காரில் ஆரணி வருபவர், மைலேஜுக்காகப் பிடித்த காரை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

ஸ்போர்ட்டி என்றால் பெரிய இன்ஜினா?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதில்தான் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்த பிறகு சோழவரத்தின் காலம் முடிந்தது. மேலே பார்த்த சிபானி டால்ஃபின், 1980-களில் அங்கே பந்தயங்களில் ஓடி பெயர் வாங்கிய கார்களில் ஒன்று. வெறும் 848 சிசி இன்ஜினோடு எப்படி?

எடை. ஃபைபர் உடல் என்பதால் டால்ஃபின் மற்ற கார்களைவிட மிகவும் லேசு. சின்ன இன்ஜின் இழுக்க வேண்டியது குறைவு, வளைவில் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் எளிது. மைலேஜ் கொடுத்த அதே குணம்தான் வேகத்தையும் கொடுத்தது. காரின் சுறுசுறுப்பைத் தீர்மானிப்பது குதிரைத்திறன் மட்டும் கிடையாது, ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதுதான் கேள்வி.

பிறகு தமிழ்நாட்டிலேயே 'ஓட்டுபவர்களின் கார்கள்' தயாராக ஆரம்பித்தன. 1998-ல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது. 1999-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்யப்பட்ட ஐகானின் 1.6 பெட்ரோல் மாடலை இன்றும் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைய ஸ்போர்ட்டி காரில் பெரிய இன்ஜின் இருப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனில் இருப்பது 998 சிசி டர்போ. சக்தி 120 பிஎஸ். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் காற்றாடி. அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. கூடுதல் காற்று இருந்தால் கூடுதல் பெட்ரோல் எரிக்கலாம், கூடுதல் சக்தி கிடைக்கும். மெதுவாகப் போனால் சின்ன இன்ஜின் மாதிரி குறைவாகக் குடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெரிய இன்ஜின் மாதிரி குடிக்கும். அதனால்தான் ஒரே டர்போ காருக்கு ஒருத்தர் 17 வருது என்பார், இன்னொருத்தர் 10 தான் வருது என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

எல்லாக் காரும் ஏன் 3.99 மீட்டர்?

இந்தியக் கார்களின் விவரப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நிறைய கார்களின் நீளம் 3,990 அல்லது 3,995 மில்லி மீட்டர். இன்ஜின் 998, 1,197, 1,199 சிசி. தற்செயலா?

வரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் 'சின்ன கார்'. 2006-ல் கலால் வரியில் ஆரம்பித்த இந்தப் பிரிவினை ஜிஎஸ்டியிலும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம், மின்சார கார்களுக்கு 5 சதவீதம்.

வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் என்றால் சின்ன காருக்கு வரி 1.44 லட்சம். அதே விலையில் ஒரு கார் சில சென்டி மீட்டர் நீளமாக இருந்தால் 3.20 லட்சம். 4 மீட்டருக்குள் அடங்கிய, 998 சிசி டர்போ பொருத்திய ஸ்போர்ட்டி கார்கள், வரிக் கணக்கில் 'சின்ன கார்' ஆகிவிடுகின்றன. சிக்கனக் கட்சியும் வேகக் கட்சியும் ஒரே ஷோரூமில் சந்திப்பது இப்படித்தான்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இன்னொரு கோட்டையும் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட சாலை வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான புதிய காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் ரூபாய் காருக்குச் சாலை வரி சுமார் 1.29 லட்சம். 10.50 லட்சம் ரூபாய் காருக்கு 1.89 லட்சம். சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு ஒரு வேரியன்ட் மேலே போனால், சன்ரூஃப் விலையோடு வரியும் சேர்ந்து ஏறும்.

கம்பெனியே கிளம்பிவிட்டால்?

கார் ரசிகர்களை அதிகம் காயப்படுத்தியது இதுதான். செவர்லே 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபியட் கார்கள் 2019-ல் போயின. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. ஃபோக்ஸ்வேகன் போலோவும் அதே ஆண்டில் விடைபெற்றது. ஸ்டீயரிங் பிடிக்கும், கதவு சாத்தும் சத்தமே தனி என்று ரசிகர்கள் கொண்டாடிய கார்கள்தான் இவற்றில் பல.

சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது. ஆனாலும் கார் நின்றுபோனால் அதன் செகண்ட் ஹேண்ட் விலை குறையும். இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. நல்ல ஓட்டுதரம் உள்ள கார் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு ஹெட்லைட்டோ கண்ணாடியோ உடைந்தால், அது வந்து சேர எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. சென்னையில் இருப்பவர் அதுவரை மின்சார ரயிலில் போய்விடலாம். காலையில் சேவூரிலும் தேவிகாபுரத்திலும் நெசவாளர்களிடம் சேலை வாங்கி, மாலையில் காஞ்சிபுரத்தில் கொடுக்க வேண்டியவருக்கு, நிற்கும் கார் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

அப்போ எந்தக் கார்?

மூன்று கட்சிக்கும் பொதுவாக, ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டியவை இவை.

1. மாதம் எத்தனை கி.மீ.? ஊகிக்க வேண்டாம். கடந்த மூன்று மாதம் எங்கெல்லாம் போனீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். 500-க்குள் என்றால் மைலேஜை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். 1,500-க்கு மேல் என்றால் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2. சர்வீஸ் சென்டர் எங்கே? ஆரணியிலா, வேலூரிலா, சென்னையிலா? வேலூர் என்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் அரை நாள் போகும். உள்ளூர் மெக்கானிக்கிடம், "அண்ணா, இந்த வண்டி உங்ககிட்ட வருதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

3. பின் சீட்டில் யார்? வீட்டுப் பெரியவர்களை ஷோரூமுக்கு அழைத்துப் போய், ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஸ்போர்ட்டி கார்களின் சஸ்பென்ஷன் கொஞ்சம் கடினமாக இருக்கும். மெல்லிய டயர்கள் குழியை அப்படியே முதுகுக்குச் சொல்லும். டெஸ்ட் டிரைவை பைபாஸில் மட்டும் முடிக்காமல், உங்கள் தெருவிலும் ஓட்டிக் கேளுங்கள்.

4. பாதுகாப்பு மதிப்பெண் என்ன? 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' மோதல் சோதனை நடைமுறையில் இருக்கிறது. நட்சத்திர மதிப்பெண் பெரியவர்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. எடை குறைந்தால் மைலேஜும் வேகமும் வரும் என்று பார்த்தோம். அந்த எடை எங்கே குறைக்கப்பட்டது என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும்.

5. பழைய ஸ்போர்ட்டி கார் என்றால், முன் உரிமையாளர் எப்படி ஓட்டினார்? டர்போ, கிளட்ச், டயர் மூன்றையும் வேறு மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 'ரீமேப்' செய்து சக்தி கூட்டிய கார் என்றால் இன்னும் கவனம் தேவை.

இந்தத் தாளை எழுதி முடித்த பிறகு மூன்று நான்கு கார்கள் மட்டும்தான் மிஞ்சும். அந்த மூன்று நான்கில் எது பிடிக்கிறதோ அதை எடுக்கலாம். ஐந்து கேள்வியையும் தாண்டி வந்த காரை நிறத்துக்காகவோ, முகப்பு அழகாக இருக்கிறது என்பதற்காகவோ தேர்ந்தெடுத்தாலும் தப்பில்லை. ஏழெட்டு வருடம் தினமும் பார்க்கப்போகும் பொருள் அது.

வேக ஆசை தீராதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு செய்தி. ஆரணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செய்யாறு போய்விடலாம். அந்தப் பக்கம்தான் மஹிந்திராவின் எஸ்யூவி சோதனைத் தடம் 454 ஏக்கரில் இருக்கிறது. 2021-ல் அங்கே எக்ஸ்யூவி700 கார்களை 24 மணி நேரம் விடாமல் ஓட்டி, ஒவ்வொன்றும் 4,000 கி.மீ.க்கு மேல் கடந்தது. சராசரியாக மணிக்கு 165 கி.மீ.க்கும் மேல். சுற்றிலும் வேலி, எதிரில் வண்டி கிடையாது, வளைவில் தரையே சுவர் போல் சாய்ந்திருக்கும்.

அந்த வேகத்துக்கு அந்த இடம் இருக்கிறது. ஆரணி - ஆற்காடு சாலையில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.